பெக்மன் இடமாற்றம்: அம்பு போடும் முன் பக்கம் பாருங்கள்

அஸ்தம்பட்டியில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பி.எஸ்சி. பிள்ளைகள் பெக்மன் இடமாற்றத்தில் ஒரே இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ஆக்சைம் என்ற சேர்மத்தில் கார்பனோடு இருக்கும் ஒரு தொகுதி, அமிலத்தில் நைட்ரஜனுக்கு நகர்ந்து அமைடு உண்டாகும் வினை இது. வினைவழியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எந்தத் தொகுதி நகரும் என்று கேட்டால் ஊகிப்பார்கள். ஊகிக்கவே தேவையில்லை. மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளும் நாலைந்து ஈர்க்குச்சிகளும் போதும். சேலத்தில் கிழங்குக்கா பஞ்சம்!

முதலில் ஆக்சைம். கீட்டோனோடு ஹைட்ராக்சிலமீன் வினைபுரிந்தால், ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன் வந்து உட்காரும்; அதன் மேல் ஒரு ஹைட்ராக்சில். அசிட்டோஃபீனோனை எடுத்துக்கொள்வோம். கார்பனுக்கு ஒரு துண்டு, நைட்ரஜனுக்கு ஒரு துண்டு. இரண்டையும் ஒற்றை ஈர்க்கில் கோத்தால் சுழலும். இரண்டு ஈர்க்கைப் பக்கம் பக்கமாகக் குத்திப் பாருங்கள், அசையாது. இரட்டைப் பிணைப்பு அப்படித்தான்.

இப்போது கார்பனின் ஒரு பக்கம் சின்னத் துண்டு, அது மெத்தில். மறுபக்கம் பெரிய துண்டு, அது ஃபீனைல். ஹைட்ராக்சில் நெருக்கடி குறைந்த மெத்தில் பக்கமாகவே பெரும்பாலும் சாய்ந்திருக்கும், அப்படியே குத்துங்கள்.

அடுத்து அமிலம். ஹைட்ராக்சில் தானாகப் போகாது. புரோட்டான் ஏறியதும் நீராகக் கழலத் தயாராகிவிடும்.

கவனம் இங்கேதான் வேண்டும். டவுன் பஸ்ஸில் முன்படியில் ஒருவர் இறங்கும்போதே பின்படியில் இன்னொருவர் ஏறுகிறார் இல்லையா? நீர் கழல்வதும், அதற்கு எதிர்ப்பக்கத்துத் தொகுதி நைட்ரஜனுக்குத் தாவுவதும் அதேபோல ஒரே நேரத்தில் நடக்கும். பெரியதா சிறியதா என்பது கணக்கில்லை, எதிரே இருக்கிறதா என்பதே கணக்கு. நம் மாதிரியில் எதிரே இருப்பது ஃபீனைல்; அதைப் பிடுங்கி நைட்ரஜனில் குத்துங்கள்.

மிச்சம் எளிது. தாவல் முடிந்ததும் கிடைப்பது நேர்மின் சுமையுள்ள நைட்ரைலியம் அயனி; அதன் கார்பனில் நீர் வந்து சேரும், புரோட்டான்கள் இடம் மாறும், அமைடு கிடைக்கும். இங்கே அது அசிட்டனிலைடு. மெத்தில் எதிரே இருந்திருந்தால் என்-மெத்தில் பென்சமைடு. ஒன்று மட்டும்: அமிலத்தில் ஆக்சைமின் இரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று மாறலாம், அதனால் ஆய்வகத்தில் சில நேரம் கலவை வரும்.

இதே அசிட்டோஃபீனோனின் பாரா இடத்தில், அதாவது ஃபீனைல் வளையத்தின் எதிர்முனையில், ஒரு ஹைட்ராக்சில் இருந்தால்? காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் வந்துவிடும்; அதைத் தொழிற்சாலையில் செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று.

எர்ன்ஸ்ட் ஓட்டோ பெக்மன் இந்த வினையைச் சொன்னது 1886-இல். இன்று அதன் பெரிய பயன் கேப்ரோலாக்டம். சைக்ளோஹெக்சனோன் ஆக்சைமின் ஆறு கார்பன் வளையத்துக்குள் நைட்ரஜன் புகுந்து ஏழு உறுப்பு வளையமாகிறது. அதைத் திறந்து கோத்தால் நைலான்-6. 1938-இல் ஜெர்மன் வேதியியலாளர் பால் ஷ்லாக் செய்து காட்டினார். மீன்வலை நூலுக்கு அந்த நைலான் நன்றாக உழைக்கும். அடுத்த முறை மேட்டூர் போனால் கரையில் காயும் வலையைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் முறை. பியூட்டனோன் ஆக்சைமில் எத்தில், ஹைட்ராக்சிலுக்கு எதிரே இருக்கிறது. கிழங்கில் குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். என்-எத்தில் அசிட்டமைடு வந்தால் சரி.