ஸ்டீயரிங் திடீரென்று இறுகினால் பழியை முதலில் ஸ்டீயரிங் மேல் போடாதீர்கள்

இப்போது ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயிலே கிடையாது. ஸ்டீயரிங் தண்டிலோ, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலோ ஒரு மின்மோட்டார் உட்கார்ந்துகொண்டு நம் கைக்கு உதவுகிறது. இது தெரியாமல் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தேடலால் வண்டிக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. செலவு வைக்கும் தவறுகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

அவற்றில் பெரியது, மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்ததும் ஸ்டீயரிங்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுவது. இரண்டு ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 10 ஆம்பியர். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது இந்த மோட்டார் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் வண்டியில் எங்கே மின்னழுத்தம் குறைந்தாலும் முதலில் முரண்டு பிடிப்பவற்றில் இதுவும் ஒன்று. ஸ்டீயரிங் அசெம்பிளியை முழுசாக மாற்றினால் பத்தாயிரக்கணக்கில் போய்விடும். மாற்றிய பிறகும் அதே விளக்கு எரிந்தால் யாரைக் கேட்பது?

"செல்ஃப் நல்லா எடுக்குதே, பேட்டரி ஓகேதான்" என்பது அடுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வண்டிகளில் பேட்டரி மைனஸிலிருந்து இரண்டு வயர் போகும். தடித்த ஒன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ, இன்னொன்று பாடிக்கு. இவற்றைத்தான் எர்த் என்பார்கள். ஸ்டார்ட்டருக்கு எஞ்சின் எர்த் போதும். ஸ்டீயரிங் மோட்டாருக்கு பாடி எர்த் வேண்டும். பாடியில் முறுக்கிய அந்த ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் வண்டி ஜோராக ஸ்டார்ட் ஆகும், முதல் திருப்பத்திலேயே ஸ்டீயரிங் இறுகும்.

இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மேலே பளபளவென்று இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சை பூத்திருக்கும். சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸின் ஈயக் குமிழ் மேலேயே (கிளாம்ப் மேல் அல்ல) வையுங்கள். இன்னொன்றை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டிக் குதித்தால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். பேட்டரி பிளஸுக்கும் ஸ்டீயரிங் யூனிட்டுக்கு வரும் வயருக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் அந்தப் பக்கத்துக் கோளாறும் தெரியும். வண்டி சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லாமே சரியாகத்தான் காட்டும். லோடு இல்லாமல் அளப்பது அளக்காததற்குச் சமம்.

சார்ஜிங்கையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து, நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சில புது மாடல்களில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரே வேண்டுமென்று சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். ஹெட்லைட், ஏசி போட்டபின் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆல்டர்நேட்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அம்பாசிடர் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய நொடியில் மின்னழுத்தம் எகிறி, அதுவரை நன்றாக இருந்த கன்ட்ரோல் யூனிட்டையும் கொன்றுவிடலாம். உங்கள் கண்ணெதிரே யாராவது ஸ்பேனரை எடுத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: போனதற்குப் பதில் கூடுதல் ஆம்பியர் போடுவதும், வயரைச் சுற்றிவிடுவதும் தீயைக் கூப்பிடும் வேலை. இதில் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஸ்டீயரிங் மோட்டாரின் பெரிய ஃபியூஸ் பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்காது. பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியில்தான் இருக்கும். சிலவற்றில் அது போல்ட் போட்டு முறுக்கியது.

ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணை எழுதிவைக்காமலே அழித்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. விளக்கு அணைந்த நிம்மதியில் தடயம் போய்விடும். மலிவு விலை புளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சினை மட்டுமே படிக்கும். ஸ்டீயரிங் கோளாறுகள் 'சி' எழுத்திலும், யூனிட்டுகளுக்கு இடையே பேச்சு அறுந்த கோளாறுகள் 'யூ' எழுத்திலும் தொடங்கும். அவற்றைப் படிக்கும் கருவி வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் மூன்று விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால் மூன்றும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் பொதுவானது பேட்டரி, எர்த், வயரிங், அங்கே தொடங்குங்கள். மழைக்காலத்தில் மிதியடிக்கு அடியில் ஈரமா, பானெட்டுக்குள் எலிப் புழுக்கையா, சமீபத்தில் ஹாரனோ ஜிபிஎஸ்ஸோ மாட்டியவர் எந்த வயரைச் சுரண்டினார் என்பதெல்லாம் ஸ்கேனர் சொல்லாது. தேடும்போது மஞ்சள் கப்ளர்களில் (வயர்களை இணைக்கும் பிளக்குகளில்) மட்டும் டெஸ்ட் லாம்ப்பைக் குத்தாதீர்கள்; அவை ஏர்பேக்குடையவை.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. நெருக்கமான இடத்தில் பார்க் செய்ய ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி, தானே உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஆறினால் சரியாகும். சாவி திரும்பாமல் ஸ்டீயரிங்கும் அசையாமல் நின்றால் அது வெறும் லாக்: லேசாக ஆட்டியபடி சாவியைத் திருப்புங்கள். விளக்கு எதுவும் எரியாமல் கனமாக மட்டும் இருந்தால் முன் டயர் காற்றைப் பாருங்கள்.

ஓடும்போது உதவி நின்றுபோனால் சாவியை அணைக்கக் கூடாது. சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும். எஞ்சினை அணைத்தாலோ, ஓரிரு மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஸ்டீயரிங் விளக்கோ ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கோ எரிந்தால் பதற வேண்டாம். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி வரை ஒருமுறை திருப்பி, சிறிது தூரம் நேராக ஓட்டினால் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் மறுபடி நேர்ப்படுத்தச் சொல்லுங்கள். அதற்குள் யாராவது சென்சார் மாற்ற வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.