மாடித் தொட்டி மழைநீரிலிருந்து கொஞ்சம் மின்சாரம்

சிங்கப்பூரில் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணைகளின் பம்பு, குழாய்களைப் பராமரிப்பது என் வேலை. பாசன நீரில் சின்ன டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கலாமா என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: அந்தத் தண்ணீரை மேலே ஏற்றியது எது? பம்பு என்றால் வேண்டாம். ஏற்றச் செலவான கரண்டில் ஒரு பங்குதான் திரும்பும். அழுத்தம் மிச்சமிருந்தால் பம்பின் வேகத்தைக் குறையுங்கள், சேமிப்பு அதில்தான்.

இங்கே மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான். நமக்குக் கிடைக்கும் உயரம் கட்டடங்களின் உயரம். கூரையில் பிடித்த மழைநீர், மாடித் தொட்டியிலிருந்து கீழே உரம் கலக்கும் திறந்த தொட்டிக்கு இறங்குகிறதா? அங்கே வையுங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு முன்னால் வைத்தால் செடிக்கு வேண்டிய அழுத்தத்தை டர்பைன் தின்றுவிடும்.

சரி, அளப்போம். கீழ்த்தொட்டி வால்வுக்கு முன்னால் பிரஷர் மீட்டர் மாட்டுங்கள். மூடியிருக்கும்போது 12 மீட்டர் உயரத்துக்கு 1.2 பார் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வால்வைப் பாதி திறந்து, மீட்டரையும் 20 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். 0.9 பார், 13 விநாடி என்றால் 9 மீட்டர், விநாடிக்கு 1.5 லிட்டர். இரண்டையும் பெருக்கி 9.8 ஆல் பெருக்க 132 வாட். கையில் பாதி கிடைத்தால் நல்லது. வால்வை மேலும் திறந்தால் வாட் கொஞ்சம் கூடும். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குழாய் உராய்வில் போனதும் இறங்கத் தொடங்கும். தண்ணீர் அளவாக இருந்தால் குறைவாகவே திறங்கள், லிட்டருக்குக் கிடைப்பது கூடும்.

ஆண்டு முழுக்க எவ்வளவு? 1,000 சதுர மீட்டர் கூரையில் 2,000 மில்லிமீட்டர் மழையை முழுதாகப் பிடித்தாலும், இதே 9 மீட்டர், கையில் பாதி என்ற கணக்கில் சுமார் 25 யூனிட்தான். எப்போதும் 2, 3 வாட் கேட்கும் பாசனக் கன்ட்ரோலருக்கு அது போதும். டிசம்பர் மழையில் சோலார் பேனல் சோர்ந்திருக்கும் நாளில்தான் இது ஓடும் என்பதால் எனக்கு இதில் இத்தனை ஆர்வம்.

இந்த அளவுக்குச் சின்ன சென்ட்ரிஃபியூகல் பம்பையே தலைகீழாக ஓடவிட்டு, நிரந்தரக் காந்த மோட்டாரை ஜெனரேட்டராக இணைக்கலாம். டர்பைனைச் சுற்றித் தண்ணீர் போக ஒரு பைபாஸ் குழாய் கட்டாயம். டர்பைன் நின்றாலும் பாசனம் நிற்கக்கூடாது. பேட்டரி நிரம்பியதும் இணைப்பைத் துண்டித்தால் டர்பைன் தறிகெட்டுச் சுழலும், எனவே உபரியை ஒரு ஹீட்டர் கம்பிக்குத் திருப்புங்கள். திறந்த தொட்டிக்குக் கொசுவலை போடுங்கள், டெங்கி ஊர் இது. அப்புறம், பெருமழைக்குப் பின் வடிகட்டியில் இலை அடைத்திருக்கும். வால்வை மெதுவாக மூடிவிட்டுக் கழுவுங்கள்.