பணிப் பட்டியல் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு ஒரு நோட்டு வாங்குங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடும் புதுச்சேரியில் அலுவலகமுமாக நாளைக் கழிக்கும் எனக்கு, வேலைகள் மறந்துபோவதைவிட அவை தவறான ஊரில் நினைவுக்கு வருவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் வாங்க வேண்டிய மிக்ஸி வாஷர், பேருந்து முள்ளோடையைத் தாண்டி ரெட்டிச்சாவடியை நெருங்கும்போதுதான் நினைவுக்கு வரும். கடலூர் மஞ்சக்குப்பத்துத் தையற்காரரிடம் கேட்க வேண்டியது மறுநாள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபின் உறைக்கும். இதற்காக இரண்டு ஆண்டுகளில் நான்கு செயலிகளைப் பதிவிறக்கி நான்கையும் கைவிட்டேன். செயலிகளில் குறை இல்லை. எந்த முறையில் வேலை செய்யப்போகிறேன் என்பதை முடிவுசெய்யாமல் செயலியைத் தேடியதுதான் தவறு. அதனால் இங்கே செயலிகள் நான்காவது படியில்தான் வருகின்றன.

நான் பின்பற்றுவது, அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பரவிய ஜிடிடி (கெட்டிங் திங்ஸ் டன்) முறை. மனத்தில் உள்ளவற்றைச் சேகரிப்பது, ஒவ்வொன்றும் என்னவென்று தெளிவுபடுத்துவது, உரிய இடத்தில் அடுக்குவது, அவ்வப்போது மீள்பார்வை இடுவது, பிறகு செய்வது என்று ஐந்து நிலைகள் அதில் உண்டு. இரண்டு நிமிடத்திற்குள் முடியும் வேலையைப் பட்டியலில் ஏற்றாமல் அப்போதே முடித்துவிட வேண்டும் என்ற விதியும் அதைச் சேர்ந்ததே.

முதல் படி: ஒரு வாரம் காகிதத்தில் எழுதுங்கள்

சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய நோட்டு ஒன்று போதும். ஒரு வாரம் முழுவதும், தலைக்குள் வரும் எல்லா வேலைகளையும் வரிசை பார்க்காமல், தரம் பிரிக்காமல் எழுதுங்கள்.

இரண்டாம் படி: எழுதியதை வேலையாக மாற்றுங்கள்

வார இறுதியில் நோட்டைத் திறந்தால், எழுதியவற்றில் பாதி வேலையே அல்ல என்பது தெரியும். என் நோட்டில் 'மாடி ஒழுகல்' என்று ஒரு வரி இருந்தது. அது ஒரு கவலை, அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சுருங்குமே தவிர, கை எதையும் செய்யாது. 'கொத்தனாரைப் போனில் அழைத்து ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பார்க்க வரச் சொல்வது' என்று மாற்றி எழுதினால், போனை எடுத்தவுடன் செய்யக்கூடிய வேலையாகிவிடுகிறது. ஜிடிடி இதை அடுத்த செயல் என்று அழைக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் தேவைப்படும் எதுவும் திட்டம். ஆகவே மாடி ஒழுகல் திட்டம், கொத்தனாரை அழைப்பது அதன் அடுத்த செயல். வினைச்சொல் இல்லாத வரியை நான் பட்டியலில் ஏற்றுவதில்லை.

அடுத்து, ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் அது எங்கே அல்லது எதைக்கொண்டு செய்யப்படும் என்று ஒரு சொல் எழுதுங்கள்: கடலூர், புதுச்சேரி, போன், கணினி, வீடு. வேறொருவரின் பதிலுக்காக நிற்பவற்றுக்கு 'காத்திருப்பு' என்றும், இப்போதைக்கு இல்லாதவற்றுக்கு 'பிறகு பார்க்கலாம்' என்றும் குறியுங்கள். நீங்கள் ஒரே ஊரில் வசிப்பவராக இருந்தால் ஊர்ப்பெயர்களுக்குப் பதிலாகக் கடைத்தெரு, வங்கி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு சொற்களுக்கு மேல் போனால் எந்தச் சொல்லை இடுவது என்பதே தனி வேலையாகிவிடும்.

மூன்றாம் படி: உங்கள் நோட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள்

எதைச் செய்ய அதிகமாகப் பக்கம் புரட்டினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதுதான் செயலியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வசதி. எனக்கு அது, புதுச்சேரி என்று குறித்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது. ஆகவே குறிச்சொல் வசதி எனக்கு இன்றியமையாதது. வண்ணங்களும் மதிப்பெண்களும் தேவையில்லை. கல்லூரி மாணவருக்கு ஒப்படைக்கும் தேதிகளே முக்கியமாக இருக்கலாம். அவருக்கு நாட்காட்டியோடு இணையும் செயலி சரியாக இருக்கும்.

நான்காம் படி: மூன்று செயலிகளுக்கு மேல் எடுக்காதீர்கள்

கூகுள் டாஸ்க்ஸ் மிக எளியது, ஜிமெயிலோடும் கூகுள் நாட்காட்டியோடும் சேர்ந்து இயங்குவது. ஆனால் குறிச்சொல் கிடையாது, ஊருக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் டூடூவில் வேலையின் பெயரோடு ஹேஷ் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் அது குறிச்சொல்லாகிவிடும். அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பொறுக்கி வைக்க அதில் ஒரு தனிப் பக்கம் உண்டு. இரவு கடந்ததும் அது வெறுமையாகிவிடும். அந்த வெறுமை சிலருக்கு உற்சாகம் தரும். எனக்கு, செய்யாமல் விட்டதை மறைத்து வைப்பதாகவே தோன்றும். டூடூயிஸ்டில் திட்டம், குறிச்சொல் இரண்டும் ஜிடிடிக்குப் பொருந்தும்படி அமைந்திருக்கின்றன. இலவசக் கணக்கில் வைத்துக்கொள்ளும் திட்டங்களுக்கு வரம்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். திங்ஸ் என்ற செயலி அழகானது, ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும் என்பதால் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிப் படித்து நேரம் போக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஒரே இருபது வேலைகளை மூன்றிலும் ஏற்றிச் சோதியுங்கள்

நோட்டிலிருந்து இருபது வேலைகளை எடுத்து மூன்று செயலிகளிலும் ஏற்றுங்கள். பேருந்தில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு வேலையைப் பதிய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாத செயலியை ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

தமிழில் எழுதுவோர் தேடலைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 'வங்கி' என்று தேடினால் 'வங்கியில்' என்பதும் அகப்படும். ஆனால் 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' அகப்படாது, 'பணம்' என்று தேடினால் 'பணத்தை' அகப்படாது, ஏனெனில் வேற்றுமை உருபு சேரும்போது நம் சொல்லே உருமாறிவிடுகிறது, செயலியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. தேடலை நம்பாமல் குறிச்சொல்லை நம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 'நாளை காலை' என்று தமிழில் எழுதினால் தேதி தானாக விழுகிறதா என்பதையும் பாருங்கள். விழாவிட்டால் நாட்காட்டியைத் தொட்டுத் தேதியிட வேண்டியிருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகள் இரு வகை. மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும். நீங்கள் இந்த முறை தாமதமாகக் கட்டினாலும் அடுத்தது தள்ளிப்போகாது. தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் கேண்டிலைக் கழுவுவது அப்படியல்ல, கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து எண்ண வேண்டும். டூடூயிஸ்டில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின் ஆச்சரியக்குறி இட்டால் இரண்டாம் வகையாகக் கணக்கிடும். டிக்டிக் செயலியிலும் முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி உண்டு. அமாவாசையும் மாசி மகமும் எந்த வகையிலும் அடங்காதவை. ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுதோறும் திரும்பச் சொல்லி வைத்தால் தவறான நாளில் நினைவூட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாட்களைத் தனித்தனியாகப் பதிந்துவிடுவதே வழி.

இணையம் இல்லாமல் இயங்குகிறதா என்று பார்க்க, கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி ஒரு வேலையைச் சேர்த்து, இன்னொன்றை முடித்ததாகக் குறியுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, மின்சாரமும் சிக்னலும் இன்றி இருந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது கைபேசிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்த பட்டியல்தான்.

கடைசிச் சோதனை, வெளியேறும் வழி. வண்டர்லிஸ்ட் என்ற புகழ்பெற்ற செயலியை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கியது. 2020 மே 6 அன்று அது மூடப்பட்டது. எவ்வளவு பெரிய செயலிக்கும் இது நேரலாம் என்பதால், உங்கள் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சேரும்போதே பாருங்கள். டூடூயிஸ்டில் திட்டத்தை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்கலாம்; கூகுள் டாஸ்க்ஸில் உள்ளதை, நம் தரவைப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகப் பெறலாம்.

ஆறாம் படி: ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்

எஞ்சிய செயலியில், இரண்டாம் படியில் எழுதிய அதே குறிச்சொற்களை மட்டும் உருவாக்குங்கள். உண்மையிலேயே கெடு உள்ள வேலைகளுக்கு மட்டும் தேதி இடுங்கள். எல்லாவற்றுக்கும் இட்டால் காலையில் சிவப்பு எழுத்துகளே வரவேற்கும், இரண்டே வாரத்தில் செயலியைத் திறக்கவே மனம் வராது.

வாரம் ஒருமுறை மீள்பார்வைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அடுத்த செயல் இருக்கிறதா என்று பார்த்து, காத்திருப்பில் உள்ளவர்களுக்கு நினைவூட்டி, 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் இனி வேண்டாதவற்றை அழித்துவிட வேண்டும். நான் இதை வெள்ளிக்கிழமை மாலை, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் உட்கார இடம் கிடைத்ததும் தொடங்குகிறேன். முதலில் திறப்பது புதுச்சேரிக் குறிச்சொல்லை, வண்டி புறப்படுவதற்குள் இறங்கிப்போய் வாங்கி வர ஏதாவது மிச்சமிருக்கலாம் என்பதால்.