மூன்று மலை, ஒரே நாள்: தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் யாராவது ஒரு குழு வந்துவிடும். ஒரு வருடம் வங்கி ஊழியர்கள், ஒரு வருடம் கல்லூரி முன்னாள் மாணவர்கள். "அண்ணே, ஒரே நாள்ல மூணு மலை ஏறப் போறோம். மலைக்கு இவ்வளவுன்னு தெரிஞ்சவங்க எல்லாம் நன்கொடை தர்றாங்க. வர்ற பணத்துல ஒரு கவர்மெண்ட் ஸ்கூலுக்குக் கழிப்பறை கட்டிக் குடுக்கணும்" என்பார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். பெரும்பாலும் அவர்கள் எழுதிக்கொண்டு வருவது சமணர்மலை, யானைமலை, அழகர்மலை. மூன்றும் மதுரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான்.

இந்த யோசனையின் மூலம் பிரிட்டன். பென் நெவிஸ் 1,345 மீட்டர், ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், ஸ்னோடன் 1,085 மீட்டர். மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். நன்கொடை திரட்டவே அங்கே ஏராளமானவர்கள் இதைச் செய்கிறார்கள். நம் குன்றுகள் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வெயில் நம்முடையது என்பதால் கஷ்டம் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை.

வருகிற குழுக்களிடம், எங்கள் குழு ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். புது ஷூவோடு வருவது, தண்ணீர் இல்லாமல் ஏறுவது போன்றவற்றைச் சொல்லி நேரம் போக்கவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

இறங்கப் பழகாமல் வருவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவர் ஜிம்மில் ட்ரெட்மில்லைச் சரிவாக வைத்து ஏறுகிறார். ஒருவர் அபார்ட்மெண்ட் படிகளில் ஏழு மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கி, திரும்ப ஏழு மாடி ஏறுகிறார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழகர்கோயிலிலிருந்து நூபுர கங்கை வரை நடந்து ஏறி, தீர்த்தமாடிவிட்டு வேனில் கீழே வந்துவிடுகிறார். இறங்குவதற்கு என்ன பயிற்சி என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "எறங்குறதுதானேண்ணே, அது தானா வந்துரும்."

தானாக வராது.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடம்பின் முழுக் கனத்தையும் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடிக்கிற வேலை அது. மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, வியர்வையும் குறைவு. அதனால் சும்மா வருகிறோம் என்று தோன்றும். உள்ளே தசைநாரில் நுண்ணிய சேதம் நடந்துகொண்டிருக்கும். வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். ஆனால் தசையின் பலம் அந்த நிமிடத்திலிருந்தே குறையத் தொடங்கிவிடும். ஒற்றை மலை ஏறுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை; இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். மூன்று மலை ஏறுகிறவர் அந்தப் பலமிழந்த காலோடுதான் அடுத்த மலைக்கு வந்து நிற்கிறார்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு குழுவில் ஒரு தம்பி. மாரத்தான் ஓடுகிறவர், ஒல்லியான உறுதியான உடம்பு. சமணர்மலையில் எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய்விட்டு, பேச்சிப்பள்ளம் வழியாகக் குதித்துக் குதித்து இறங்கினார். மெதுவா வாங்க தம்பி என்றேன். "ஏறுன நேரத்தை எறங்குறப்ப பிடிச்சிறலாம்ணே" என்றார். கீழே வந்து டீ குடித்துவிட்டு எல்லோரும் வேனில் ஏறினோம். சமணர்மலை அடிவாரமான கீழக்குயில்குடியிலிருந்து யானைமலை அடிவாரமான ஒத்தக்கடைக்கு, ஊருக்குள் புகுந்து போக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் மடங்கிய கால் மடங்கியபடியே.

யானைமலையில் ஏறும்வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கத் தொடங்கி, மொட்டைப் பாறைச் சரிவுக்கு வந்தபோது அப்படியே நின்றார். "அண்ணே, தொடை வெடவெடன்னு ஆடுதுண்ணே." தொட்டுப் பார்த்தேன், முழங்காலுக்கு மேலே தசை தனக்குத்தானே துடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி வைத்தால் முழங்கால் மடங்கி உடம்பு முன்னால் போகிறது. பயத்தில் பின்பக்கம் சாய்ந்தார், உடனே ஷூ வழுக்கியது. கடைசியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, இடுப்பால் நகர்ந்து நகர்ந்துதான் வந்தார். மணி பதினொன்று. பாறையில் உள்ளங்கை வைக்க முடியவில்லை. என் துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிவிட்டோம். இரண்டு பேர் அவருக்குக் கீழே நின்றபடியே வந்தார்கள். அரை மணி நேரத்தில் இறங்க வேண்டிய சரிவில் மற்றவர்களும் வெயிலில் காத்துக் கிடந்து, தண்ணீர் தீர்ந்து, அழகர்மலை அன்றைக்கு இல்லை என்றாகிவிட்டது. நன்கொடை மலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்ததால் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. கழிப்பறைக்குக் கதவு போட அந்தப் பிள்ளைகள் பிறகு கைக்காசைத்தான் போட்டார்கள்.

இத்தனைக்கும் இதற்கு வைத்தியம் சுலபம். இறங்கி ஒருமுறை வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு பழுதாவதில்லை. உடம்பு அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. அதனால் எட்டு வாரம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். அபார்ட்மெண்டில் இருப்பவர் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கட்டும். முதல் வாரம் கொஞ்சமாக. மறுநாள் தொடை கடுகடுக்கும், அது நல்லது. வலி முழுதும் போன பிறகு மறுபடி, கொஞ்சம் கூட்டி. அழகர்கோயில் மலைப்பாதையில் ஏறுவதற்கு வேன் பிடித்தாலும் பிடியுங்கள், இறங்குவதைக் கண்டிப்பாக நடந்து இறங்குங்கள். பிறகு படியை விட்டுப் பாறைக்குப் போங்கள், ஏனென்றால் படியில் பழகிய கால் சரிவுப் பாறையில் தடுமாறும். கடைசி நீண்ட இறக்கம், மூன்று மலை ஏறும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக முடிந்துவிட வேண்டும். முதல் நாள் போய்ப் பழகிவிட்டு மறுநாள் வந்து நிற்கக் கூடாது.

தொடைத் தசை வலி வேறு, மூட்டுக்குள் வலி வேறு. முழங்கால் உள்ளே குத்தினாலோ வீங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நன்கொடை கொடுத்தவர் யாரும் உங்கள் மூட்டைக் கேட்கவில்லை.

பாறையில் இறங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன அடி. முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும். பாதம் முழுதும் பாறையில் படிய வேண்டும். குதிகாலை மட்டும் ஊன்றினால் வழுக்கும். பின்பக்கம் சாயத் தோன்றும், சாயாதீர்கள். உடம்பின் கனம் பாதத்துக்கு நேர்மேலே இருந்தால்தான் ஷூவின் ரப்பர் பாறையைப் பிடிக்கும். பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கும். மழைத் தண்ணீர் ஓடி ஓடிப் பாசி பிடித்த தடம் அது. காய்ந்திருந்தாலும் அதில் கால் வைக்க வேண்டாம், ஈரமாக இருந்தால் பக்கத்திலேயே போக வேண்டாம். இறங்கும் முன் ஷூ லேஸை அவிழ்த்துக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் கால்விரல் முன்னால் போய் இடித்து, மூன்றாவது மலையில் நகம் கறுத்துவிடும். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

வேனில் மடங்கிக் கிடப்பது

மேலே சொன்னதன் இன்னொரு பாதி. பிரிட்டன்காரர்களுக்கும் அந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம் வண்டியில்தான் போகிறது. இறங்கியதும் அப்படியே சீட்டில் விழாமல், சமணர்மலை அடிவாரத்து அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு ஏறுங்கள். வண்டியில் காலை நீட்ட இடம் வேண்டும். அதனால் பதினான்கு சீட் வேனில் பதினான்கு பேரை அடைக்காதீர்கள். சாப்பாடும் வண்டியிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக: வாழைப்பழம், கடலைமிட்டாய், தயிர்சாதம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பி வராது. உப்புப் போட்ட நீர்மோர் போதும், அல்லது ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீர் முழுவதிலும். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்காதீர்கள்.

முந்தின நாள் ராத்திரி பரோட்டா

வேண்டாம்.

சின்ன மலையை முதலில் வைப்பது

எல்லோரும் சமணர்மலையில் தொடங்குகிறார்கள், சுலபம் என்பதால். வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. யானைமலை நாலு கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற வெறும் பாறை. மேலே ஒதுங்க நிழல் கிடையாது. அதை விடியும் முன் தொடங்கி, பாறை சுடும் முன் இறங்கிவிட வேண்டும். அழகர்மலையில் மரம் உண்டு; அது நடுப்பகலுக்கு. ஆனால் கையில் தின்பண்டத்தோடு போனால் குரங்கு விடாது. சமணர்மலை சாயங்காலத்துக்கு. மாதமும் அப்படித்தான்: ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், மாசிக்குப் பிறகு வெயிலும் காட்டுத்தீயும். மார்கழி பாதியிலிருந்து தை முடிய, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற காலம்.

அனுமதி கேட்காமல் தேதி அறிவிப்பது

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காயத்தோடு நம் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று அரசு விதிமுறை கொண்டுவந்தது. வனத்துறை எல்லைக்குள் வருகிற இடத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; வாங்கிய பிறகு நோட்டீஸ் அடியுங்கள். எந்த மலைக்கும் அடிவாரத்து ஊர்க்காரர்களிடம் ஒரு வாரம் முன்னால் போய்ப் பேசுங்கள். எந்தப் பாதையில் தேன்கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பேனர்

சமணர்மலையில் ஆயிரம் வருடத்துக்கும் பழைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. ஸ்பான்சர் பேனரை அதன் தலைக்கு மேல் கட்டி ஃபோட்டோ எடுத்த குழுவை நானே பார்த்திருக்கிறேன். அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தார்கள். சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பதும் கூடாது.

ட்ரோன்

மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டி மலையைப் பட்டியலில் சேர்ப்பவர்களுக்கு: அது 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பாறைகளில் வல்லூறும் கழுகும் கூடு கட்டுகின்றன. ட்ரோனை வீட்டில் வையுங்கள்.

பணத்தை ஒருவர் கணக்கில் வாங்குவது

நல்ல நண்பர்களைப் பிரித்தது மலையல்ல, இதுதான். ஒருவருடைய ஜிபே எண்ணில் வாங்கினால், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் மூன்றாம் மாதம் ஒரு கேள்வி வரும். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றை முதலிலேயே பேசி, அதன் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். ரசீது அவர்களே தருவார்கள். வரிச்சலுகை கேட்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கும் தம்பி தன் சம்பளத்திலிருந்து அனுப்புவது அதில் வராது. வேன், டீ ஷர்ட், சாப்பாடு எல்லாம் ஏறுகிறவர்கள் சொந்தச் செலவு. நன்கொடையில் ஒரு ரூபாய்கூட அதற்குத் தொடக் கூடாது.

மலைக்கு இவ்வளவு என்று பேசுவதையும் விட்டுவிடுங்கள். முயற்சிக்கு ஒரு தொகை என்று வாங்குங்கள். மலைக்கு ஒரு விலை வைத்துவிட்டால், கால் ஆடுகிறவரையும் "இன்னும் ஒண்ணுதான்டா" என்று எல்லோரும் சேர்ந்து தள்ளுவார்கள்.

திரும்பும் நேரத்தை மேலே போய் முடிவு செய்வது

அங்கே எல்லோருக்கும் ஆசை வந்துவிடும், யாரும் திரும்பலாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவமுள்ளவர் கடைசியில்; அந்தக் கடைசி ஆள் சொன்னால் வாதம் கிடையாது. நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று. யானைமலையில் காலை ஏழரை மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, அங்கிருந்து இறக்கம்.