சைனீஸ் சாப்பிடக் கடை தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் ‘சைனீஸ்’ என்று போர்டு மாட்டிய கடைகள் பத்துப் பன்னிரண்டு தேறும். புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இங்கே நல்ல சைனீஸ் கடை எது?” நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கடையில் எந்தப் பண்டம், எந்த நேரத்தில் என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் நல்ல சாப்பாடு கிடைத்தது.

சைனீஸ் என்பதை ஒரே சமையலாக நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. ஷான்டோங், சிச்சுவான், குவாங்டோங், ஃபூஜியான், ஜியாங்சு, ஜெஜியாங், ஹுனான், அன்ஹுய் என்று எட்டு வட்டாரச் சமையல்களைச் சீனர்களே தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. வடமேற்கில் லான்ஜோ நகரத்துப் பக்கத்து ஹுய் முஸ்லிம் சமையல்காரர் மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி மாட்டிறைச்சி சூப்பில் போடுவார். குவாங்டோங்காரர் முழு மீனை இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து ஆவியில் வேகவைத்து, சூடான எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றி எடுத்துவருவார். காரம் பேருக்குக்கூட இருக்காது. இந்த இருவரில் ஒருவரிடம் போய் மற்றவருடைய பண்டத்தைக் கேட்டுவிட்டு, கடை சரியில்லை என்று திரும்புகிறோம். உட்கார்ந்ததும் “உங்கள் சமையல்காரர் சீனாவில் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம், கேட்டால் சந்தோஷப்படுவார்கள். பதில் வந்ததும் மெனுவில் பாதியை மறந்துவிடலாம்.

மெனு நீளமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இருநூறு பண்டம் எழுதியிருக்கும் கடையில் அடுப்புக்கு முன்னால் நிற்பது இரண்டு பேர் என்றால், பெரும்பாலும் நாலைந்து சாஸ்தான் பெயர் மாறி மாறி வரும். சுவரில் சீன எழுத்தில் கையால் எழுதி ஒட்டிய தாள் இருந்தால் அதைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். அன்றைக்கு வந்த கீரையும் மீனும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

நேரம் தவறுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒரு கடையில் இரவு ஒன்பது மணிக்கு ஹார் காவ் சொன்னேன். இறாலை உள்ளே வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் சின்னக் கொழுக்கட்டை அது. மேல்தோல் காகிதத்தில் ஒட்டிக் கிழிந்து, இறால் தனியே உருண்டு விழுந்தது. அந்தப் பக்கமே போகக் கூடாது என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் கையைப் பிடித்து அதே கடைக்கு இழுத்துப் போனார். மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் கண்ணாடி மாதிரித் தோல், அதற்குள் இறாலின் இளஞ்சிவப்பு, ஓரத்தில் ஊசி முனையளவு மடிப்புகள். குச்சியால் தூக்கினால் தொய்ந்தது, கிழியவில்லை. மடிப்பவர் காலையில் வந்து மதியத்தோடு போய்விடுவார் என்று பரிமாறியவர் சொன்னார். ஹார் காவ் மாதிரிச் சின்னச் சின்னப் பண்டங்களுக்கு டிம்சம் என்று பெயர். குவாங்டோங்கில் காலையிலிருந்து மதியம்வரை தேநீரோடு சாப்பிடுவது அது. இரவில் கேட்டால் பெரும்பாலும் பழையதுதான் வரும். பீக்கிங் வாத்தும் நினைத்தவுடன் கிடைக்காது. தோலை உலர்த்தி முழுதாகச் சுட வேண்டிய வேலை அது, முதல் நாளே சொல்லி வையுங்கள்.

பஃபேயிலும் பார்சலிலும் ஒரு கடையை எடை போடுவது அடுத்த தவறு. வோக் சட்டியில், வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு பெரிய தீயில் புரட்டும்போது ஒரு புகை வாசம் ஏறும். கான்டனீஸ் பேசும் குவாங்டோங்காரர்கள் அதை வோக் ஹே என்பார்கள். சில நிமிடங்களில் அது போய்விடும். மூடிய டப்பாவில் முக்கால் மணி நேரம் வியர்த்த நூடுல்ஸில் அதைத் தேட முடியாது. பார்சல்தான் வேண்டுமென்றால் மசாலாவில் மெதுவாக வெந்த இறைச்சி, சூப், காரக் குழம்பில் டோஃபு போட்ட மாப்போ டோஃபு மாதிரி குழம்புப் பண்டங்களை வாங்குங்கள்.

சிச்சுவான் கடையில் “காரம் கம்மியாக” என்று சொல்லிவிட்டு, நாக்கு மரத்துப்போனதும் பயந்துவிடுகிறவர்கள் உண்டு. அது மிளகாயின் வேலை இல்லை. சிச்சுவான் மிளகு எலுமிச்சைக் குடும்பத்துச் செடி; உதட்டை விறுவிறுவென்று துடிக்க வைப்பதே அதன் குணம். அந்த மரப்பு ‘மா’, மிளகாய் எரிச்சல் ‘லா’, இரண்டும் சேர்ந்தால் மாலா.

“இதெல்லாம் அசல் சைனீஸே இல்லை” என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் எல்லோரும் கேட்டு வாங்கும், பொரித்த கோழியைச் சாஸில் புரட்டிய ஜெனரல் ட்ஸோ சிக்கனை 1950களில் தைவானில் உருவாக்கியவர் பெங் சாங்-குவெய் என்ற ஹுனான் சமையல்காரர். 1970களில் நியூயார்க் போன பிறகு அதில் இனிப்பு ஏறியது. புலம்பெயர்ந்தவர்கள் கிடைத்த பொருளை வைத்து உழைத்துக் கண்டுபிடித்த ருசி அது. நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும்.

அஜினோமோட்டோ (ருசி கூட்டப் போடும் குளுட்டமேட் உப்பு) பயத்தில் சைனீஸையே விட்டவர்களுக்கு: 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அதே குளுட்டமேட் தக்காளியிலும் சீஸிலும் இயற்கையாகவே இருக்கிறது. சைனீஸ் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகவில்லை என்று 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் இது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று சொல்லாமல் செய்த சோதனைகளில் அந்தத் தொல்லைகள் சீராக வரவில்லை. வெறும் வயிற்றில் மூன்று கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி வரலாம், அவ்வளவுதான். நான் பயப்படுவது ஃப்ரைட் ரைஸுக்கு வடித்து வைத்த சாதத்தைப் பார்த்து. மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பாசில்லஸ் செரியஸ் பாக்டீரியா அதில் நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. கூட்டமில்லாத கடையில் ஃப்ரைட் ரைஸ் வேண்டாம்.

சைவர்கள் பெயரை நம்பிச் சொல்லாதீர்கள். மாப்போ டோஃபுவில் வழக்கமாகக் கொத்துக்கறி இருக்கும். காய்கறி வதக்கலில் சிப்பியிலிருந்து எடுக்கும் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றியிருக்கலாம். “கறி இல்லையே?” என்று மட்டும் கேட்காமல் சாஸையும் சூப்பையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பௌத்த சைவக் கடை இருந்தால் நிம்மதி. அங்கே பூண்டு, வெங்காயம்கூடப் போடமாட்டார்கள்.

ஆளுக்கொரு தட்டு சொல்லித் தனித்தனியாகச் சாப்பிட்டால் ஒன்றின் ருசி மட்டும்தான் தெரியும். நாலு பேர் போனால் நாலு பண்டம் நடுவில் வைத்து, வெள்ளைச் சாதத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ஒன்று ஆவியில் வெந்தது, ஒன்று பொரித்தது, ஒன்று குழம்பாக. நாலாவதாகப் பூண்டு போட்டு வதக்கிய கீரை. அதில் சாஸ் கிடையாது, சமையல்காரர் ஒளிந்துகொள்ள இடமில்லை. தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் சட்டி சரியாகக் காயவில்லை. இலை வதங்கியும் தண்டு நறுக்கென்று கடிபட்டும் வந்தால், அடுத்த வாரமும் அங்கேயே போய் மீன் சொல்லுங்கள்.