வேலை பார்த்துக்கொண்டே கவுன்சிலிங் பிஎச்.டி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். அமெரிக்காவில் கவுன்சிலராக வேலை பார்த்துக்கொண்டே, கவுன்சிலர் கல்வி மற்றும் சூப்பர்விஷனில் (அதாவது, மற்ற கவுன்சிலர்களின் வேலையை மேற்பார்வையிட்டு வழிகாட்டுவதில்) பிஎச்.டி. படிக்கிறார். "அக்கா, எட்டுப் பேட்டி எடுத்து முடிச்சிட்டேன். இந்த வாரம் ஐ.ஆர்.பி. ஃபார்ம் போட்டுடுவேன்" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. நானும் இதையேதான் செய்தேன்.

நேரத்தைத் திட்டமிடுவது பற்றி எழுதப்போவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தெரியும்.

அனுமதிக்கு முன்பே பேட்டி எடுப்பது

ஐ.ஆர்.பி. என்பது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு. அது சரி என்று சொல்லும்வரை ஒருவரைக்கூட ஆய்வுக்கு அழைக்கக் கூடாது. முன்தேதியிட்டு அனுமதி தரவும் மாட்டார்கள்.

அப்போது என் கிளினிக்கில் ஐந்து இளம் கவுன்சிலர்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். சூப்பர்விஷனில் குறை சொல்லும்போது அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் தலைப்பு. ஆட்கள் பக்கத்து அறையிலேயே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியங்களில் பேட்டி எடுத்து, எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். ஒன்றைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் போயிற்று. அந்த வருடத்துக்கான கட்டணமும் போயிற்று.

ஆனால் இன்றைக்கும் என்னை உறுத்துவது காசோ காலமோ இல்லை. லைசென்ஸுக்கு அவர்கள் காட்ட வேண்டிய மணிநேரங்களில் கையெழுத்துப் போடுவது நான். நான் கூப்பிட்டால் அவர்கள் எப்படி மறுப்பார்கள்? "நீங்க சொல்ற குறை எனக்கு தைரியம் தருது" என்று ஒரு பெண் சொன்னாள். அதைத் தடித்த எழுத்தில் குறித்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறவளிடம் வேறு என்ன சொல்வாள்? அனுமதி முன்பே கிடைத்திருந்தாலும் அந்தத் தரவு தேறியிருக்காது. அமெரிக்காவில் மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைகளைச் சொல்லும், 1979-இல் வந்த பெல்மான்ட் அறிக்கை முதலில் வைப்பதே மனிதரை மதித்தல் என்ற கொள்கையைத்தான். கட்டாயமில்லாத சம்மதம் அதில் அடக்கம். முதல் வருடத்திலேயே இதற்கு ஆன்லைன் பயிற்சி உண்டு. அதைப் படிக்காமல் கிளிக் செய்து சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள் என்பதில்தான் எனக்குத் தீராத எரிச்சல்.

உங்கள் கீழ் பயிற்சி பெறுகிறவர்களையும் உங்கள் கிளையண்ட்டுகளையும் விட்டுவிட்டு, வேறு கிளினிக்கில் ஆட்களைத் தேடுங்கள். அந்த நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சைக்காக எழுதிய குறிப்புகளை ஆய்வுத் தரவாக எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே தவறு நடந்திருந்தால் மறைக்கக் கூடாது. தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன்: "நாளைக்குக் காலையிலேயே உங்க கைடுகிட்ட சொல்லிடுங்க."

அங்கீகாரத்தை அரைகுறையாகப் பார்ப்பது

கேக்ரெப் (CACREP) என்பது அமெரிக்காவில் கவுன்சிலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. சில பல்கலைக்கழகங்களில் அந்த அங்கீகாரம் முதுகலைக்கு இருக்கும், பிஎச்.டி.க்கு இருக்காது. இரண்டையும் தனித்தனியே பாருங்கள். கேக்ரெப் அங்கீகாரம் பெற்ற துறைகளில் முதன்மை ஆசிரியர் குழுவில் (core faculty) சேர வேண்டுமென்றால், 2013 ஜூலைக்குப் பிறகு கவுன்சிலர் கல்வியிலேயே முனைவர் பட்டம் கேட்கிறார்கள். முன்பே கற்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சைக்காலஜியில் பட்டம் வாங்கிவிட்டு இந்தக் கதவு முன்னால் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல, கவுன்சிலர் கல்விப் பட்டத்தை வைத்து சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ் கிடைக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

அன்றாட வேலையே இன்டர்ன்ஷிப் என்று நினைப்பது

கேக்ரெப் விதிப்படி, பிஎச்.டி.யில் பிராக்டிகம் (மேற்பார்வையில் செய்யும் கவுன்சிலிங் பயிற்சி) குறைந்தது 100 மணி நேரம், இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம். கவுன்சிலிங், சூப்பர்விஷன், கற்பித்தல், ஆய்வு, தலைமைப் பணி என்ற ஐந்தில் இன்டர்ன்ஷிப் மூன்றையாவது தொட வேண்டும். கிளினிக்கில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வகுப்பெடுத்த மணிக்கணக்கு அதிலிருந்து வராது.

பெயரைப் பார்த்து கைடு தேடுவது

மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் போடுகிறார் என்று சீனியர்களிடம் கேளுங்கள்.

புரபோசல் (ஆய்வுத் திட்டம்) முடிந்தபின் தலைப்பை மாற்றுவது

வேண்டாம்.