கமடோர் 64 வாங்கியவர்கள் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்

கமடோர் 64 கணினி 1982-இல் விற்பனைக்கு வந்தது. 1994-இல் அதைச் செய்த கமடோர் நிறுவனம் திவாலாகும் வரை தயாரிப்பில் இருந்தது. ஆகவே இன்று கைக்குக் கிடைக்கும் இயந்திரங்களில் மிக இளையதற்கே முப்பது வயது கடந்துவிட்டது. அதை ஆசையாக வாங்கி வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் காரியம், கூடவே வந்த பவர் சப்ளையைச் செருகி ஸ்விட்சைப் போடுவதுதான். இந்தப் பொழுதுபோக்கில் செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

செங்கல் போன்ற அந்தப் பெட்டி இரண்டு வகை மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். கணினியிலுள்ள பெரும்பாலான சிப்புகள், நினைவகச் சிப்புகள் உட்பட, அந்த 5 வோல்ட்டை நம்பியே இயங்குகின்றன. அதைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டரோ எப்பாக்சி பிசினுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் பல ஆண்டுகள் வெந்து, ஒரு நாள் பழுதாகிறது. பழுதானால் மின்சாரம் நின்றுபோகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே பல சமயம் நடப்பது நேர்மாறானது: 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிவிடுகிறது, நினைவகச் சிப்புகள் முதலில் பலியாகின்றன.

நான் வாங்கிய முதல் இயந்திரத்தில் நீலத் திரையும், பயனருக்கு 38911 பைட் மிச்சமிருக்கிறது என்ற வரியும் அழகாகத்தான் வந்தன. இருபது நிமிடம் கழித்து எழுத்துகள் கலைந்து குப்பையாகி, பிறகு திரை கறுத்துவிட்டது. அதன் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் முனை 7 வோல்ட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலிலேயே அளந்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் உறுதியில்லை. சுமை இல்லாமல், ஆறிய நிலையில் அளக்கும்போது சரியாகக் காட்டும் பெட்டி, சூடேறிய பிறகு எகிறக்கூடும். 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் செருகவே கூடாது என்பதற்கு அளவீடு உதவும். குறைவாகக் காட்டினால் நம்பலாம் என்பதற்கு உதவாது. பழைய பெட்டியை நினைவுப்பொருளாக வைத்துக்கொண்டு, இக்காலத்தில் புதிதாகச் செய்யப்படும் பவர் சப்ளை ஒன்றை வாங்குவதே சரி. குறைந்தபட்சம், மின்னழுத்தம் ஏறினால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று ஒன்றையாவது நடுவில் பொருத்த வேண்டும். கைபேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் தேறாது. 9 வோல்ட் இல்லாவிட்டால் பழைய போர்டுகளில் படமும் வராது, ஒலியும் வராது.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அங்கத்திய பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதைச் சரிசெய்தாலும் படச் சிப் மாறாது. அமெரிக்க இயந்திரம் என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 263 வரிகள் வரைகிறது. ஐரோப்பிய இயந்திரம் பால் (PAL) முறையில் 312 வரிகள் வரைகிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட பல விளையாட்டுகளும் டெமோக்களும் (படமும் இசையும் காட்டி அசத்தும் சிறு நிரல்கள்) இந்த வரிக் கணக்கை வைத்தே நேரத்தைக் கணிப்பதால், அமெரிக்க இயந்திரத்தில் அவை தடுமாறும் அல்லது ஓடவே ஓடாது. எந்த மென்பொருளுக்காக வாங்குகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு இயந்திரத்தைத் தேட வேண்டும். இன்றைய கணினியிலேயே கமடோர் 64 போல நடந்துகொள்ளும் வைஸ் (VICE) என்ற எமுலேட்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாதம் அதில் பழகிப் பார்த்தால் இந்த முடிவு எளிதாகிவிடும்.

படம் மங்கலாக இருக்கிறது என்று இயந்திரத்தைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேர் ஆண்டெனா கேபிள் வழியாகப் பார்ப்பவர்கள். பின்புறம் உள்ள வட்டமான வீடியோ சாக்கெட்டில் சரியான கேபிளைப் பொருத்தினால் வித்தியாசம் உடனே தெரியும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் கேபிளையும் செருகவோ பிடுங்கவோ கூடாது. யுஎஸ்பி காலத்தில் வளர்ந்த கைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பழக்கமில்லை. ஜாய்ஸ்டிக் சாக்கெட்டின் ஊசிகள் கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும், சிஐஏ எனப்படும் 6526 சிப்புக்கே நேராகச் செல்கின்றன. நைலான் சட்டையோடு வந்து விரலால் அந்த ஊசிகளைத் தொட்டால், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரமே சிப்பைக் கொல்லப் போதும். டிஸ்க் டிரைவின் கேபிளுக்கும் இதே விதிதான்.

மூடியைத் திறக்கும்போது அடிப்பக்கத்தின் முன் ஓரத்தில் உள்ள மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி, முன்பக்கத்தை மட்டும் மெதுவாகத் தூக்க வேண்டும். கீபோர்டின் வயரும் சிவப்பு விளக்கின் வயரும் மேல்மூடியோடு சேர்ந்தே வரும்; வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே பார்த்ததும் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட வேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். கமடோர் 64-இல் அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கசிந்து போர்டையே அரிப்பவை அதே நிறுவனத்திலிருந்து பின்னால் வந்த அமிகா 600, 1200 போன்ற கணினிகளில் உள்ளவை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. 1984-இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் பயன்பட்டன. அப்படிப்பட்ட ஒன்று எங்காவது பீரோவிலிருந்து உங்களுக்குக் கிடைத்தால், அதன் பவர் சப்ளையில் உள்ள காகித வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வெடிப்பு விட்டு, ஈரம் குடித்து, ஸ்விட்ச் போட்ட சில நிமிடங்களில் நாற்றப் புகையோடு வெடிக்கலாம். அங்கே முதலில் மாற்ற வேண்டியது அவற்றைத்தான். அதையும் வீட்டு மின்சாரச் சுற்றுகளில் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும்.

கறுப்புத் திரை வந்தால் படச் சிப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப்போ நினைவகமோ போனாலும் அதே கறுப்புதான் தெரியும். ஒலிச் சிப்பை மாற்றுவதில் கூடுதல் கவனம் தேவை: 6581 என்ற பழைய சிட் சிப்புக்கு 12 வோல்ட், 8580 என்ற புதியதற்கு 9 வோல்ட். இரண்டும் ஒரே சாக்கெட்டில் உட்காரும் என்பதுதான் ஆபத்து. சாலிடரை உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தையும் பழைய ரேடியோ போர்டு ஒன்றில் வைத்துப் பழகிவிட்டு வர வேண்டும்.

மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கலாம். சீராகத் தடவாவிட்டால் திட்டுத்திட்டாகிவிடும். முதலில் வந்த கமடோர் 64-இன் நிறமே பழுப்பு கலந்தது என்பதை மறந்து, அதையும் வெளுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பழைய டிஸ்க்குகளை டிரைவில் போடுவதற்கு முன் நடுத்துளையைச் சுற்றியும் நீள்சதுரத் திறப்பிலும் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தால் போடக்கூடாது. அது டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். கமடோர் 64-க்கான 1541 டிஸ்க் டிரைவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 170 கிலோபைட்தான் கொள்ளும். ஆகவே நல்ல டிஸ்க் ஒன்று கிடைத்தால், விளையாட உட்காருவதற்கு முன்பே அதன் நகலை எடுத்து வைத்துவிடலாம்.